சமாதானத்தின் ஆயுள்

அவர் ஒரு கையுறையை மட்டும் கழற்றினால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று பொருள். இரண்டையும் கழற்றினால் சாப்பிடப் போகிறார். கையுறையோடு கதவுக் கைப்பிடியைத் தொடக்கூடாது, கையுறை இல்லாமல் வளர்ப்புத் தட்டைத் தொடக்கூடாது என்று எங்கள் ஆய்வகத்துக்கு நானே விதி எழுதி, நானே கையெழுத்திட்டு, நானே சுவரில் ஒட்டியிருந்தேன். ஒரு கையில் உறையும் மறு கையில் வெறும் தோலுமாக நிற்கும் மனிதரை எந்த விதியின் கீழ் கண்டிப்பது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெறுங்கையை என் தோளில் வைப்பார். குரலைத் தாழ்த்துவார்.

"சார், ஒரு விசயம். மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டைப் பக்கம், ஒரு தனியார் கல்லூரியின் பின்கட்டில் இருந்தது எங்கள் ஆய்வகம். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போனால் மேசையில் குடுவைகள் நடுங்கும். ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர். பொறுப்பாளர் நான். கையால் வேலை செய்வதில் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவர் தமயந்தி. கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குடியிருப்பில் வீடு. மூன்றாமவர், அந்த ஒற்றைக் கையுறைக்காரர். எங்களுக்கு உதவியாளர் கோதண்டம்.

தமயந்தியும் நானும் ஒன்றாகக் கட்டிய ஆய்வு அது. அம்பத்தூர்ப் பக்கத்துக் கழிவுநீரில் பிடித்த ஒரு பாக்டீரியாவில், அதுவரை யாரும் விவரிக்காத ஒரு சின்ன ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்திருந்தோம். கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. என் பணிக்காலத்தில் விதிமுறைக் கோப்புகள் தவிர வேறெதையாவது விட்டுச்செல்ல முடியுமென்றால் அது இந்த ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் தமயந்தி. எங்களுக்குள் இருந்ததை நட்பு என்று அப்போது சொல்லியிருக்க மாட்டோம். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கற்பிப்பார்கள். நட்புதான்.

அந்தச் சின்ன ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது என்பதை மாணவர்களுக்கு எங்கள் மூன்றாமவர் சொல்வதுபோல் என்னால் சொல்ல முடிந்ததில்லை. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். முனைவர் பட்டம் அவருடைய பேச்சில் கை வைக்கவில்லை.

"ஒரு ஊடு நைனா. உள்ள ஒரு ரவுடி கீறான். எவன் ஊட்டை இடிப்பான்? தான் குடியிருக்கிற ஊட்டையே இடிப்பான். அவன் வாயைப் பொத்திகினு ஒரு குள்ளன் நிக்கிறான். அவன்தான் நம்ம சின்ன ஆர்.என்.ஏ. ரவுடிக்கு ஆயுசு கெட்டி. குள்ளனுக்கு ஆயுசு கம்மி, பொட்டு பொட்டுன்னு பூடுவான். ஆனா ஒருத்தன் போனா இன்னொருத்தன் வந்துகினே இருப்பான். வந்துகினு கீற வரைக்கும் ஊடு நிக்கும்."

"வர்றது நின்னுட்டா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்பாள். ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள்.

"நின்னா இன்னா? ஊடு காலி!"

வகுப்பு சிரிக்கும். அதற்கப்புறம் நான் போய்ப் பாடத்தை நடத்தவேண்டும். ரவுடி என்பது நச்சுப் புரதத்தைத் தயாரிக்கச் சொல்லும் செய்தி. சின்ன ஆர்.என்.ஏ. அந்தச் செய்தியின் மேல் எழுத்துக்கு எழுத்து ஒட்டிக்கொண்டு, செல் அதைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. செய்தி நெடுநேரம் சிதையாது. தடுப்பது சீக்கிரம் சிதைந்துவிடும். இரண்டுக்கும் உரிய மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற ஒரே வளையத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது வளையம் கிடைக்காமல் போகும் மகள் செல்லில், புதிதாகத் தடுப்பு வராது. பழைய தடுப்பு முதலில் தீரும். நஞ்சின் செய்தி மட்டும் மிஞ்சியிருக்கும். அது படிக்கப்பட்டு, சவ்வு ஓட்டையாகி, செல் சாகும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரு முனைகளில் மட்டும் கருமை இருக்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது. ஆவிச் செல் என்பார்கள். வளையம் தன்னை யாரும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழி இது.

இதை இத்தனை தெளிவாகப் பாடம் நடத்தியவன் நான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோடையில் எங்கள் ஆழ்குளிர்ப் பெட்டி பழுதானது. எங்கள் அத்தனை பாக்டீரியா இருப்பும் அதற்குள். நான் பழுது அறிக்கை தயாரித்து, ஒப்பந்தக்காரருக்குத் தகவல் அனுப்பி, முதல்வருக்கு நகல் வைத்துக்கொண்டிருந்தேன். விதிப்படி எல்லாம் சரி. பெட்டியின் வெப்பநிலை மட்டும் விதியை மதிக்காமல் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் பறந்தார். ஏதோ ஐஸ்கிரீம் கிடங்கில் தெரிந்தவரைப் பிடித்து, தெர்மாகோல் பெட்டி நிறைய உலர் பனிக்கட்டியோடு வந்து நின்றார். பெட்டியிலிருந்து புகை கிளம்ப, வியர்வையில் சட்டை ஒட்ட, சாமி புறப்பாடு மாதிரி இருந்தது.

"வழியில ஒரு போலீசு மடக்கினான் சார். 'இன்னாய்யா புகை வருது, வண்டி எரியுதா'ன்னான். 'ஐயா, வண்டி எரியல, என் வேலைதான் எரியுது'ன்னேன். அனுப்சிட்டான்."

தமயந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். இருப்பு முழுதும் பிழைத்தது. கடைசிப் பெட்டியை அடுக்கி முடித்ததும் அவர் ஒரு கையுறையைக் கழற்றினார்.

"சார், ஒரு விசயம். மேடம் சும்மா தமாசுக்குச் சொன்னாங்க. 'சார் கையெழுத்து போட்டா ஃப்ரீசர் தானா கூலாயிடும்னு நெனைக்கிறாரு'ன்னு. நாங்க எல்லாம் சிரிச்சோம். மனசுல வெச்சுக்காதீங்க. அவங்களுக்கு உங்கமேல எம்மா மரியாதை தெரியுமா?"

நான் வைத்துக்கொள்ளவில்லை. அவர் அப்படிச் சொன்னவுடன் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் உண்மை. கோபம் வருவதற்குள் மருந்து வந்துவிடும். மறுநாள் ஒரு டீ, அதற்கடுத்த நாள் "மேடம் உங்களப் பத்தி இன்னா பெருமையா பேசினாங்க தெரியுமா" என்று ஒரு வாக்கியம். கிழமைதோறும் எனக்கு இது கிடைத்துக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போது தெரியாது. கோதண்டத்துக்கும் கல்லூரிப் பொருட்கிடங்கைப் பார்த்துக்கொண்ட கிடங்குக்காரருக்கும் இடையில் ஏதோ புகைச்சல் எழுந்தபோது இருவரையும் தனித்தனியே கூட்டிப்போய்ப் பேசி அணைத்தவர் அவர்தான். புகை எங்கிருந்து கிளம்பியது என்று யாரும் விசாரிக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தால் கைதட்டுவோமே தவிர, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்ப்போமா?

"உங்க லேபுக்கு அவர்தான் ஷாக் அப்சார்பர்" என்றார் முதல்வர். எனக்குப் பெருமையாக இருந்தது.

இதில் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தமயந்தியின் மேசைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். கையை அசைத்தால் தெரியும். ஆனாலும் மனத்தாங்கல் எதுவானாலும் அவரிடம்தான் சொல்வோம். அவர் அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வார் என்று நம்பினோம். உயிரிக் கழிவுப் பைக்கு என்ன நிறம், கிருமி நீக்கும் நீராவிக் கலனில் ஒட்டும் நாடா எப்போது கறுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் என்னிடம் விதி இருந்தது. இரண்டு பேர் நேருக்கு நேர் பேச வேண்டும் என்பதற்கு இல்லை.

ஒருமுறை அவர் கொண்டுவந்தது கொஞ்சம் பெரியது.

"'பைப்பெட் புடிக்கத் தெரியாதவன்தான் ரூல் போடுவான்'னு மேடம் சொன்னாங்க சார். கோவத்துல வந்த வார்த்தை. நான் அப்பவே கண்டிச்சிட்டேன். நீங்க பெரிய மனுசன், மனசுல வெச்சுக்காதீங்க."

நான் இளமையில் ஆய்வு மேசையிலிருந்து நிர்வாகத்துக்கு மாறியவன். ஏன் மாறினேன் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்த வாக்கியம் சரியாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. அன்று மாலை அவர் என்னோடு பூந்தமல்லி பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தார். மெட்ரோ தூண்களுக்காகத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி, தன் பிள்ளைகளைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி, என் நல்ல மனதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பேருந்தில் ஏறும்போது எனக்கு வலிக்கவில்லை.

பிறகு அவருக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்தது. பிரிவு விருந்துக்குப் பூந்தமல்லியிலிருந்து பிரியாணி வந்தது. கோதண்டம் தேம்பித் தேம்பி அழுதார். தமயந்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஒத்துமையா இருங்க சார். எனக்கு அது போதும்" என்றார். இரண்டு கையிலும் உறை இல்லை.

அவர் போன சில வாரங்களில் எங்கள் தட்டுகள் செத்தன.

காரணம் சாதாரணமானது. வளையம் உள்ள செல்கள் மட்டுமே வளரட்டும் என்று வளர்ப்புக் கூழில் ஒரு மருந்து கலப்போம். கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகுதான் கலக்க வேண்டும். ஆறுவதற்கு முன் கலந்தால் மருந்து கெட்டுவிடும். வளையத்தைத் தொலைத்த செல்களும் பிறந்து, தங்கள் நஞ்சிலேயே மடியும். யார் கலந்தது, யார் அவசரப்படுத்தியது என்பது இன்றுவரை தெரியாது. தமயந்தி ஊற்றிய தொகுதி. நான் பார்த்து அனுமதித்த தொகுதி. முன்பும் இப்படி நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் அவர் இங்கே ஒரு சிரிப்பு, அங்கே ஒரு சிரிப்பு என்று தெளித்துவிட்டுப் போவார், மறுநாள் புதுக் கூழ் காய்ச்சுவோம்.

இந்த முறை நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். புலம் முழுக்க ஆவிச் செல்கள். என்னுள் எங்கோ, "பைப்பெட் பிடிக்கத் தெரியாதவன்" என்று ஒரு குரல் கேட்டது. என்றோ கேட்ட வாக்கியம், நேற்றுச் சொன்னதுபோல் எழுத்துப் பிசகாமல் இருந்தது. "மனசுல வெச்சுக்காதீங்க" என்பதை எவ்வளவு முயன்றும் அந்தக் குரலில் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. நான் விதிப்படி தமயந்திக்கு ஒரு விளக்கக் குறிப்பாணை அனுப்பினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு.

அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்தார். பல ஆண்டுகளில் முதல்முறையாக.

"விளக்கம்தானே வேணும்? எனக்குத் தலை ஓடாது சார். என் கைடைக் கேளுங்க, அவர் எழுதித் தருவார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரியாதபடி ஏதோ குத்திக் காட்டுகிறார் என்று மட்டும் பட்டது.

"பரவாயில்லை மேடம்" என்றேன். "பைப்பெட் பிடிக்கத் தெரியாதவன் ரூல்தானே கேப்பான்."

அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நடிக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் நடிப்பதாக அவர் நினைத்தார். தட்டை என் மேசையில், என் கோப்பின் மேலேயே, மூடி இல்லாமல் வைத்துவிட்டுப் போனார். அது எத்தனை விதிகளுக்கு எதிரானது என்று எண்ணிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

கோடை விடுமுறைக்குள் தமயந்தி வேலையை விட்டார். கிடங்குக்காரரும் கோதண்டமும் கைகலப்பு வரை போனார்கள். கட்டுரை பாதியில் நின்றது. அந்தச் சின்ன ஆர்.என்.ஏ.வுக்கு எங்கோ வேறு யாரோ பெயர் வைத்துவிட்டார்கள், நல்ல பெயர்தான். நான் ஓய்வு பெற்று, பாரிவாக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் குடியேறி, குடியிருப்போர் சங்கத்துக்குக் குப்பை பிரிக்கும் விதிமுறை எழுதிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறேன்.

சென்ற ஆவணியில் கோதண்டம் மகளுக்குக் கல்யாணம். ஆவடிச் சாலையில் ஒரு மண்டபம். உள்ளே நுழைந்ததுமே பட்டுச் சட்டையில் வேர்க்க விறுவிறுக்க வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார் கோதண்டம்.

"சார், அத்தோ மேடம் உக்காந்துகினு கீறாங்க. போய்ப் பேசுங்க. எத்தினி வருசம்தான் ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிகினு இருப்பீங்க? கிடங்கு அண்ணாத்தேவே வந்துட்டாரு, மொய்யும் வெச்சுட்டாரு. படிச்சவங்க உங்களுக்கு இன்னா?"

போனேன். தமயந்திக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்தார்.

"உட்காருங்க சார். மண்டபத்துல விதிமீறல் ஒண்ணும் இல்லையே?"

"அவசர வழியில பாயசப் பாத்திரம் வெச்சிருக்காங்க."

"குறிப்பாணை அனுப்பிடுங்க."

இருவரும் மணமேடையைப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு எழுந்திருக்கலாம். தமயந்தி கேட்டார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். என் தீசிஸை என் கைடு எழுதினார், எனக்குக் கைதான் ஓடும், தலை ஓடாதுன்னு சொன்னீங்களே. அதை எங்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் சொன்னதா யார் சொன்னது?"

பெயரைச் சொல்ல வேண்டிய தேவை இருவருக்குமே இல்லை.

"சரி, எனக்குச் சொல்லுங்க" என்றேன். "பைப்பெட் பிடிக்கத் தெரியாதவன்தான் ரூல் போடுவான்…"

"அதை நான் சொல்லலை சார். சத்தியமா."

பொழுது அங்கே விடிந்திருக்க வேண்டும். இருவரும் ஏமாற்றப்பட்டவர்கள், இருவர் மீதும் தவறில்லை, பாதிக் கட்டுரையை நினைத்து ஒருபாட்டம் வருந்திவிட்டுப் பழையபடி ஆகியிருக்கலாம். ஆனால் எதிர்ச்சோதனை செய்யாமல் முடிவு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

"சொல்லலை, சரி. நினைச்சதும் இல்லையா?"

தமயந்திக்குப் பொய் வராது. அதனால்தான் அவருடைய அளவீடுகளை நான் ஒருபோதும் மறுபரிசோதனைக்கு அனுப்பியதில்லை.

"நினைச்சிருக்கேன் சார். யார்கிட்டயும் சொன்னதில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

சரியாக அப்போது கெட்டிமேளம் எழுந்தது. பதில் சொல்லாமலிருக்க அது வசதியாக இருந்தது. அட்சதையை வீசிவிட்டு இருவரும் கையைத் துடைத்துக்கொண்டோம். எங்கள் ஷாக் அப்சார்பர் எதையும் இட்டுக்கட்டவில்லை. எங்களுக்குள் ஏற்கெனவே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கும் திறமை அவருக்கு இருந்தது. மூடி வைக்கும் திறமையும் இருந்தது. எங்களுக்கு இரண்டும் இல்லை.

"அட! ரெண்டு பேரும் பேசிகினு கீறீங்களா!"

அவர்தான். தலையில் புது மை, கழுத்தில் கோதண்டம் போட்ட துண்டு. எங்கள் இருவர் தோளிலும் கை விழுந்தது. தமயந்தி விறைத்தார். நான் எழுந்து நின்றேன். இதற்காக எத்தனையோ வாக்கியங்களை மனத்தில் திருத்தித் திருத்தி வைத்திருந்தவன், கடைசியில் நேராகவே கேட்டேன்.

"மேடம் சொன்னதா எங்கிட்ட ஒண்ணு, நான் சொன்னதா மேடத்துகிட்ட ஒண்ணு. ரெண்டையும் நாங்க சொல்லவே இல்லை. ஏன் சார் அப்படிப் பண்ணீங்க?"

அவர் முகம் மாறவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டதுபோல்கூட இருந்தது.

"சொல்லியிருப்பேன் சார். இல்லேங்கல. ஆனா அதோட உட்டேனா? கூடவே இன்னா சொன்னேன்? மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொன்னனா, இல்லியா?"

"சொன்னீங்க."

"மேடம், உங்ககிட்ட?"

"சொன்னீங்க" என்றார் தமயந்தி.

"அப்பறம்? மொத பாதியப் பத்திரமா வெச்சுகினு, ரெண்டாவது பாதியத் தொலைச்சது யாரு? நானா?"

எங்கள் ஆய்வின் முடிவை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியிருக்க முடியாது. எனக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. அதைவிடக் கேவலம், அவர் கை தோளில் இருந்தவரை எனக்கு இதமாக இருந்தது. தமயந்தியின் விறைப்பும் தளர்ந்திருந்ததைப் பார்த்தேன்.

"வாங்க வாங்க, பந்தி காலியா கீது. வயிறு நெறஞ்சா எல்லாம் சரியாப் பூடும். நீங்க போய் இடம் புடிங்க, நான் கை கழுவிகினு வந்துர்றேன்."

பந்தியில் நாங்கள் அடுத்தடுத்து உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே, நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தோம். இலைகளில் தண்ணீர் தெளித்தோம். நடுவிலிருந்த இலைக்கும் தமயந்தியே தெளித்தார். அவர் கை கழுவிவிட்டு வந்தார்; வழியில் கிடங்குக்காரர் கூப்பிட்டார்; எதிர்வரிசையில் கிடங்குக்காரருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் அவர்களில் ஒருவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அந்த மனிதர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பரிமாறுகிறவர் வரிசையாக வந்தார். எனக்கு வைத்தார். நடுவில் ஆளில்லாத இலையைப் பார்த்துத் தயங்கினார்.

"இங்க ஆள் வருவாங்களா சார்?"

நான் தமயந்தியைப் பார்த்தேன். தமயந்தி தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைங்க" என்றேன்.

சோறு, பருப்பு, பொரியல், அப்பளம், கடைசியில் பாயசம் வரை எல்லாம் அந்த இலையில் வந்து விழுந்தன. நாங்கள் இருவரும் குனிந்து சாப்பிட்டோம். யாரும் ஒரு நாற்காலி நகரவில்லை.